நம்ம வண்டி

திரையில் இடைவேளை என்று எழுத்து வந்து விளக்கெல்லாம் எரிந்தபோது முன்வரிசைப் பையன் ஒருவன் இருக்கையில் மண்டி போட்டுத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், என்னடா பார்க்கிறாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை, அவன் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது, சற்று முன்னால்தான் என் மகள் சஷ்மிதா நாற்காலி மேல் ஏறி நின்று தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி “அப்பா, நம்ம வண்டி, நம்ம வண்டி” என்று கத்தினாள், கத்தியதோடு விடாமல் கையைத் தட்டினாள், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டு வாசலில் நிற்கிற, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியைப் பெரிய திரையில் பார்த்தால் கை தட்டத்தானே தோன்றும், எனக்கே ஒரு கணம் நெஞ்சு விரிந்துவிட்டது, பரவாயில்லையே, நம்ம தொழிலையும் ஒருத்தன் பொம்மைப் படத்தில் வைத்திருக்கிறானே என்று. லாரி முதுகில் படுத்துக் கிடக்கிற அந்த நீளக் கம்பம், அது மெதுவாக நிமிர்கிற விதம், பின்னால் கம்ப்ரசர் உறுமுவது, எல்லாம் அச்சு அசலாக இருந்தது, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிவப்புக் கண் வைத்திருந்தான், அதை நான் கவனித்தேன், சஷ்மிதா கவனிக்கவில்லை, அவள் கை தட்டிக்கொண்டே இருந்தாள், அதற்குள் அந்த வண்டி மூக்கைத் தரையில் குத்திப் பாறையை உடைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. கீழேதான் ஊற்றம்மா இருந்தாள். அரை மணி நேரமாகப் படத்தில் நாங்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததே அவளைத்தான், அவளையும் அவள் பிள்ளை சொட்டு என்கிற தண்ணீர்த் துளியையும், பாறைக்கடியில் நீல வெளிச்சமாக ஒரு வீடு, அம்மா பாடினால் பிள்ளை குதிக்கும், அந்த வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு இரும்பு மூக்கு வந்து அவளை உறிஞ்சியது, சொட்டு அம்மா அம்மா என்று கூப்பிடக் கூப்பிட அவள் நீலம் போய், சாம்பல் நிறமாகி, கடைசியில் கல்லுத்தூள் மாதிரி வெள்ளையாகக் கிடந்தாள். என் வண்டி போர் போட்டு முடித்த இடத்தில் எல்லாச் செடி மேலும் படிந்திருக்கும் அதே வெள்ளை. அப்போதுதான் இடைவேளை விட்டார்கள்.

சஷ்மிதா தட்டின கையைப் பிரிக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள், பிறகு இறங்கி உட்கார்ந்தாள், உட்கார்ந்தது என் பக்கத்து நாற்காலியில் இல்லை, அதற்கு அடுத்ததில், நடுவில் இப்போது ஒரு காலி நாற்காலி, அதில் அவளுடைய தண்ணீர் பாட்டில். பாப்கார்ன் வேண்டுமா கண்ணு என்றேன், தலையாட்டல் இல்லை, ஐஸ்கிரீம் என்றேன், இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரையில் புகையிலை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, வாய் அழுகின ஒரு மனிதர், குழந்தைகள் படத்துக்கும் இதைப் போடுகிறார்கள் பாருங்கள், அந்த மனிதருக்காவது முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள், எனக்கு யார் கொடுத்தார்கள். இந்தப் பொம்மைப் படத்தை எடுத்தவன் வெளிநாட்டுக்காரன், தமிழ்ப் பேச்சும் பேரும் நம் ஆட்கள் போட்டது, அவன் ஊரில் இடைவேளை என்று ஒன்று கிடையாதாம், படம் ஒரே மூச்சாக ஓடுமாம், அவன் கணக்குப்படி ஊற்றம்மா சாய்ந்த அடுத்த நொடியே ஏதாவது ஒரு மின்மினி வந்து சிரிக்க வைத்திருக்கும், பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்திருக்கும், நம் ஊரில் ஆபரேட்டர் பாதியில் எங்கே வெட்டலாம் என்று பார்த்து அம்மா செத்த இடத்தில் வெட்டிவிட்டு, போங்கள், போய்ச் சமோசா தின்றுவிட்டு வாருங்கள் என்கிறார். தின்கிற வரைக்கும் அந்த அம்மா செத்தவளாகவே கிடக்கட்டும் என்கிறார். பெரியவர்களுக்கு இது ஒன்றும் இல்லை, நாங்கள் நிஜ அம்மாவை எரித்துவிட்டு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி இட்லி சாப்பிட்ட ஆட்கள், ஆனால் இதுகளுக்கு, யூகேஜி படிக்கிற இதுகளுக்கு. சுற்றிப் பார்த்தேன், பின்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் கழுத்தை விடமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது, அழுகிற குழந்தையைத் தேற்றிவிடலாம், என்னுடையது அழவில்லை. நல்ல படம், சின்னப் பசங்களுக்குன்னே எடுத்திருக்காங்க, என்று என் சம்சாரம் கோகிலா சொன்னாள். நான் பாத்துட்டேன்ங்க, என்று சொன்னாள். பாத்துட்டேன் என்றாள்.

காலையில் எவ்வளவு பதவிசாக அனுப்பி வைத்தாள் என்று இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, வந்து முள்ளாகக் குத்துகிறது, என்னை நம்பிப் பிள்ளையைக் கடைத்தெரு வரைக்கும் அனுப்ப மாட்டாள், போன் பேசிக்கொண்டே தொலைத்துவிடுவேனாம், அவள் இன்று இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, “அப்பாவும் பொண்ணும் ஒரு நாளாச்சும் ஒண்ணாப் போயிட்டு வாங்க, எனக்குப் பேப்பர் திருத்தற வேல கெடக்குது” என்று திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு வரைக்கும் எங்களை மட்டும் அனுப்புகிறாள் என்றால் ஒரு மனுஷனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா, எனக்கு வரவில்லை, சந்தோஷம் வந்தது, நான் ஒரு மடையன். அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர், பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று பார்த்துச் சொல்வதற்காகப் போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர்களை மட்டும் இந்தப் படத்துக்கு அழைத்துப் போனார்கள், பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு நின்றாள், “புது வண்டி எப்பங்க வருது” என்று கேட்டாள், அவளாக என் தொழிலைப் பற்றி வாயைத் திறந்து கேட்டு எத்தனை காலம் ஆகிறது, எனக்குக் குளிர்ந்துவிட்டது, புதன்கிழமை வருது, ஆயிரத்தைந்நூறு அடி அசால்ட்டாப் போகும் என்று கம்ப்ரசர் முதல் பாறையைக் குடைகிற பிட்டு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன், பூஜைக்கு யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று சொன்னேன், பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை எடுத்துவிடு என்றும் சொன்னேன். சரிங்க என்றாள். அந்தச் சரிங்கவை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். கூடவே இருந்து குழி பறிப்பது என்று சொல்வார்கள், ஊரெல்லாம் குழி பறிக்கிறவன் நான், எனக்கு என் வீட்டுக்குள்ளேயே, நீரோட்டம் பார்க்கிற மாதிரி பாயிண்ட் பார்த்துப் போட்டுவிட்டாள்.

போனை எடுத்து அழைத்தேன், சஷ்மிதா பார்வையில் இருக்கிற மாதிரி படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டு, முதல் மணியிலேயே எடுத்தாள், கையில் வைத்துக்கொண்டே இருந்திருப்பாள். “படம் எப்படீங்க இருக்குது” என்றாள். “நீ பாத்துட்டேன்னு சொன்னீல்ல.” “பாத்தேன்.” “முழுசும் பாத்தியா?” “முழுசுந்தான் பாத்தேன்.” “அந்த வண்டி வர்றதும்?” பின்னால் குக்கர் விசில் அடித்தது, அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது, திரும்பி வந்து “பாத்தேங்க” என்றாள், “பாப்பா அழுவுறாளா?” “அழுவல, பேசவே மாட்டேங்கறா.” நானே மறுபடி கேட்டேன், “உங்க ஸ்கூல்ல எல்லாப் பசங்களையும் இதுக்குக் கூட்டிட்டு வரப் போறீங்களா?” “இல்லீங்க, மூணாவதுக்கு மேலதான். சின்னதுக பயந்துக்கும், வேண்டாம்னு நாந்தான் எந்திரிச்சுச் சொன்னேன்.” “நம்முளுது யூகேஜி, கோகிலா.” “எனக்குத் தெரியாதுங்களா.” “அப்பறம் எதுக்கு அனுப்புன?” “புதன்கிழம அவ கைய அந்த லீவர்ல வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன், சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் நீங்க சிரிச்சீங்க. நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அவளே மாட்டேன்னா நீங்க வெக்க மாட்டீங்க. எனக்கு வேற வழி தெரியலீங்க.” “அதுக்குப் புள்ளையப் பயமுறுத்துவியா?” “நானும் பயந்துட்டேதாங்க அனுப்புனேன், காலைல இருந்து ஒரு வா சோறு எறங்கல,” என்றாள், குரல் உடைந்தது, உடையட்டும் என்று வைத்துவிட்டேன்.

மூணாவதுக்கு மேலதான். ஊரார் பிள்ளை பயந்துவிடும் என்று எழுந்து நின்று சொல்லத் தெரிந்திருக்கிறது, வேறு எந்தச் சின்னப் பிள்ளைக்கும் வேண்டாம், என் பிள்ளைக்கு மட்டும் வேண்டும், ஏனென்றால் என் பிள்ளைக்கு நான் அப்பன். மூணாவதுக்கு மேலதான். சண்டை போட்டிருக்கலாம், சோறு போடாமல் இருந்திருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்திருக்கலாம், எல்லாப் பெண்களும் செய்வதுதானே, நானும் நாலு நாள் முறைத்துவிட்டு வழிக்கு வந்திருப்பேன், வந்திருப்பேனா, தெரியவில்லை, அந்த லீவர் விஷயத்தில் வந்திருக்க மாட்டேன். ஏனென்றால் அது விளையாட்டில்லை. சஷ்மிதாவுக்கு முதல் பிறந்தநாள் அன்று வண்டி சங்ககிரிப் பக்கம் ஒரு வறண்ட விவசாயக் காட்டில் நின்றிருந்தது, அந்தக் காட்டில் ஏற்கெனவே போட்டதெல்லாம் புகைதான், தண்ணீர் வராமல் வெறும் தூசாக வந்தால் நாங்கள் புகை என்போம், அன்றைக்கு வண்டி ஆட்களுக்குக் கேக் கொடுக்கலாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன், டிரில்லர் ஆறுமுகம் விளையாட்டாக அவள் கையைப் பிடித்து, கம்பத்தை இறக்குகிற லீவர் மேல் வைத்து இழுத்தான், சாயங்காலத்துக்குள் சேறு கக்கி, சேற்றுக்குப் பின்னால் தண்ணீர் பனைமர உயரத்துக்கு அடித்தது, அந்தக் காட்டுக்காரர் வேட்டியோடு அதன் கீழே நின்று நனைந்தார், அவர் சம்சாரம் பிள்ளையை வாங்கி நெற்றியில் ஈரக் குங்குமம் வைத்தது. அதற்குப் பிறகு கைராசி என்று பெயர் வந்துவிட்டது, வண்டி வேண்டும் என்று கேட்கிறவர்கள் பாப்பாவையும் கூட்டிட்டு வருவீங்கல்லங்க என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போவேன், தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு ஆறுமுகம் அவளைத் தூக்கிக்கொள்வான், அவள் இழுப்பாள், கம்பம் அதிரும், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் கூட்டிப்போனேன் என்று சொன்னால் கோகிலா நம்ப மாட்டாள்.

மல்லசமுத்திரத்துக்காரர் காட்டில் நடந்ததைத்தான் அவள் மனதில் வைத்திருக்கிறாள், அதைச் சொல்லிக்காட்டவே மாட்டாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது, சொன்னால் பதில் சொல்லிவிடலாம். அன்றைக்கு அவளும் வந்திருந்தாள், பாப்பா கை வைத்துத்தான் ஆரம்பித்தோம், ராடு மேல் ராடு மாட்டி இருட்டும் வரைக்கும் இறக்கினோம், ஒரு சொட்டு ஈரம் இல்லை, வெள்ளைப் புகை பக்கத்து வீட்டுத் துணி வரைக்கும் படிந்தது, காட்டுக்காரரின் மனைவி வரப்பில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து சஷ்மிதாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தக் கைதான் வர்ற தண்ணிய உள்ள தள்ளிருச்சு” என்றார். வயிற்றெரிச்சலில் சொன்னது, பாவம், நகையை வைத்துப் போட்ட போர், பெரிய மனது பண்ணி விட்டுவிட வேண்டியதுதான், நான் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சஷ்மிதா சோப்புப் போட்டுக் கை கழுவினாள், சாப்பிட்டுவிட்டுக் கழுவினாள், படுக்கப் போகும்முன் மறுபடி கழுவினாள், தூசு போகலையா கண்ணு என்று கேட்டேன், கோகிலா என்னைப் பார்த்தாள், குழந்தைகள் நாலு நாளில் மறந்துவிடும், இவளும் மறந்துவிட்டாள், அப்படித்தான் நினைக்கிறேன், அதற்குப் பிறகும் நான் கூப்பிட்டால் வராமல் இருந்ததில்லை, ஆனால் லீவரை இழுத்த பிறகு சிரிக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும், சத்தத்தில் எதைப் பார்ப்பது. அதற்காக இப்படியா. கையைத்தான் எடுக்கச் சொன்னாள், என்னையே பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டாளே. நாளைக்கு இந்தப் பிள்ளை வளர்ந்து ஆயிரம் படம் பார்க்கும், எங்கள் தொழிலைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், அதில் பாதி நிஜமாகக்கூட இருக்கும், கிணறுகள் வற்றிப்போனது எனக்குத் தெரியாதா, நூறு அடியில் கிடைத்தது ஆயிரம் அடிக்குப் போனதை அடி அடியாகப் பார்த்தவன் நான், அதையெல்லாம் பத்து வயதில் கேட்டால் உட்கார வைத்துப் பதில் சொல்லியிருப்பேன், நீ குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், உன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பாள், போடட்டும், ஐந்து வயதில் என்ன பதில் சொல்வது, ஊற்றம்மா என்று ஒருத்தி கிடையாது கண்ணு என்றா, ஊற்றம்மா இல்லை என்றால் பிள்ளையார் எங்கே என்று கேட்பாளே.

“அப்பா, ஒண்ணுக்கு,” என்றாள் சஷ்மிதா, பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, போனில் பேசியதைக் கேட்டிருப்பாளோ என்னவோ. கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன், வழக்கமாக என் விரலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவள் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள், ஆண்கள் பக்கம் கூட்டிப்போக முடியாது, பெண்கள் பக்கம் நான் போக முடியாது, பெண்பிள்ளையைப் பெற்ற அப்பன் தனியாக வெளியே வந்தால் கடைசியில் இந்தக் கதவுக்கு முன்னால்தான் வந்து முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். நல்லவேளையாக ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார், முப்பது வயது இருக்கும், பார்த்தால் சென்னிமலை, பெருந்துறைப் பக்கம் மாதிரி தெரிந்தார், “ஏனுங்க, இவளையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா” என்று கேட்டேன், “அதுக்கென்னங்க, வா சாமி” என்று இவள் கையையும் பிடித்துக்கொண்டு போனார். அவருடைய பெண்தான் பின்வரிசையில் அழுத குழந்தை, இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது. கதவு மூடிக்கொண்டது, நான் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன், யாரோ குழாயை முழுக்கத் திறந்து வைத்திருந்தார்கள், பீய்ச்சிக்கொண்டு கொட்டியது, இத்தனை வருடத்தில் தண்ணீர் சத்தம் கேட்டால் எனக்கு வருகிறது சந்தோஷம்தான், வேறு எதுவும் வந்ததில்லை, கைகூப்பாத தண்ணீர் கிடையாது நான் எடுத்ததில், சேறு வர ஆரம்பித்ததும் ஆறுமுகம் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்குவான், பெண்கள் குலவையிடுவார்கள், இன்றைக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது, யாரோ ஒருத்தி மேலேயிருந்து கீழே விழுந்து ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி. சீ, என்ன இது. புதன்கிழமை ஆறுமுகம் புது வண்டியின் மூக்கை இறக்கும்போது நான் தலையைக் குனிந்து குழிக்குள் பார்ப்பேன், நிச்சயம் பார்ப்பேன், நீலமாக வெளிச்சம் தெரிகிறதா என்று. இந்தப் படம் குழந்தைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று டீச்சர்கள் உட்கார்ந்து யோசித்தார்களே, நாற்பத்தொரு வயது ஆளுக்கு ஆகுமா என்று யாராவது யோசித்தார்களா.

ஆறுமுகத்திடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். அவன் பூஜையைத் தள்ளி வைக்கலாம்ங்க என்பான். அல்லது பிள்ளையிடம் பேசிப் பார்க்கலாம், கடைசிப் பாதியில் அந்த வண்டி நல்ல வண்டியாகத் திருந்துகிறதோ என்னவோ, இந்த மாதிரிப் படங்களில் கடைசியில் எல்லாரும் திருந்துவார்கள், மழை பெய்யும், ஊற்றம்மா எழுந்து வருவாள், அதைப் பார்த்துவிட்டு இவளும் சரியாகிவிடுவாள், அப்படியானால் உள்ளே போய்க் கட்டாயம் பார்க்க வேண்டும், திருந்தவில்லை என்றால், வண்டியை உடைத்துத் தூள் தூளாக்கி எல்லாரும் கை தட்டினால், அப்போது இவளும் கை தட்டினால், அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே, வேண்டாம், இப்படியே பஸ் ஏறிப் போய்விடலாம். போய்விட்டால் அவள் மனதில் அந்த அம்மா செத்தவளாகவே கிடப்பாள், கொன்றது நம்ம வண்டி என்பதோடு படம் முடிந்துவிடும். கோகிலாவைக் கேட்கலாம் முடிவு என்ன என்று, அவளுக்குத் தெரியும், முழுசுந்தான் பாத்தேன் என்றாளே, கேட்க மாட்டேன், செத்தாலும் கேட்க மாட்டேன். பதினொரு வருடம் ஒரே பாயில் படுத்தவளிடம் ஒரு பொம்மைப் படத்தின் முடிவைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அழலாம் போலிருந்தது. மணி அடித்துவிட்டது, ஆட்கள் அவசர அவசரமாக உள்ளே போனார்கள், இவர்கள் இன்னும் வெளியே வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா வந்தார், முன்னால் இரண்டு குழந்தைகளும், அழுத குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது, சஷ்மிதா அதன் தோளில் கை போட்டிருந்தாள். “உங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க,” என்றார் அந்த அம்மா, “இவ அந்த வண்டி வந்ததுலருந்து ஒரே அழுக, வீட்டுக்குப் போலாம்னு அடம், நானே கூட்டிட்டுப் போயர்லாம்னு இருந்தேன். உங்க பாப்பாதான், அந்த மாதிரி வண்டியெல்லாம் கிடையவே கிடையாது, சும்மா படத்துல மட்டுந்தான் வரும்னு சொல்லிச் சமாதானம் பண்ணுச்சு.” நான் சஷ்மிதாவைப் பார்த்தேன், அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் எங்கப்பா ஆயிரம் அடி போடுவாரு என்று சொல்கிறவள், பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரை என்றால் அப்பா அம்மாவுக்கு நடுவில் வண்டியை வரைகிறவள். அந்த அம்மா விடவில்லை, பேசப் பிடித்தவர் போலிருக்கிறது, “மளிகக்கட வெச்சிருக்கீங்களாமா, பாப்பா சொல்லுச்சு, எங்கீங்க கட?” என்றார்.

இல்லீங்க, போர் வண்டிங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், வாயில் இருந்தது, எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் எழுந்து நாற்காலி போடுவார்கள், சொல்லியிருப்பேன், சஷ்மிதா தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்காமல் இருந்திருந்தால். என்னைக் கண்டு வெட்கப்படுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன், அது நெஞ்சை அறுத்தது, பெற்ற பிள்ளையும் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள் என்று. ஆனால் அவள் முகத்தில் வெட்கம் இல்லை, பயம் இருந்தது, எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள், நான் யார் என்று தெரிந்துவிட்டால் இந்தக் கூட்டம் என்னை என்ன செய்யுமோ என்று. “திருச்செங்கோட்லீங்க,” என்றேன், “தேர் வீதில.” “பெரிய கடைங்களா?” “சின்னதுதானுங்க.” “கோயிலுக்கு வந்தா வர்றோங்க,” என்றார், “வாங்க,” என்றேன், குரல் எனக்கே மளிகைக்கடைக்காரர் குரல் மாதிரி இருந்தது, பணிவாக, உள்ளே ஒன்றும் இல்லாமல். “எங்க கடையில முட்டாயெல்லாம் இருக்குது,” என்று சஷ்மிதா அந்தக் குழந்தையிடம் சொன்னாள். அது அவளை நம்பாமல் என்னை அண்ணாந்து பார்த்தது, கண் இரண்டும் இன்னும் சிவந்து கிடந்தது.

“அந்த வண்டி நெசமாலுமே இல்லையா மாமா?”

“இல்ல சாமி,” என்றேன், “அப்படி ஒரு வண்டியே கிடையாது.”

“பாத்தியா,” என்றாள் சஷ்மிதா அதனிடம், “எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு.”